நாவும் அறிவும்

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டிக்கு ஆலைத்தொழில் நாடிப் பல மாநிலத்தவர் வருகின்றனர். தமிழ் பேச அறியாத தொழிலாளர் கையசைவாலும் முகக்குறிப்பாலும் தம் கருத்தைப் புலப்படுத்துவர். தமிழ் பேசவில்லை என்பதனால் அவரை அறிவற்றவர் என எவரேனும் கொள்வரோ? கொள்ளார். ஆயின், அதே தெருவில் மூளை முடக்குவாதத்தால் பேச இயலாத குழந்தை ஒன்று இருப்பின், அதன் எதிரிலேயே, "இதற்கு ஒன்றும் தெரியாது" என்று கூறிவிடுகின்றனர். இது நீதியன்று.

மூளை முடக்குவாதம் என்பது வளரும் மூளையில் நேர்ந்த ஊற்றினால் தசைகளின் இயக்கம் தடுமாறும் நிலையாகும். நாவும் இதழும் தசைகளால் இயங்குவன. ஆதலின் சிலர்க்குப் பேச்சு வாய்ப்பதில்லை. பேச்சு வேறு; பொருளுணர்வு வேறு. மழலை மொழியத் தொடங்குமுன்பே, "நிலா எங்கே?" என்றால் குழந்தை வானை நோக்குகின்றதன்றோ? இக்குழந்தைகளுள் சிலர்க்குச் செவித்திறனிலோ அறிவு வளர்ச்சியிலோ குறை இருத்தலும் உண்டு, பலர்க்கு இல்லை. ஆகவே, ஆராய்ந்தே தெளிதல் வேண்டும். நெதர்லாந்து அறிஞர் வகுத்த தேர்வு ஒன்றில், சொல்லைக் கேட்ட குழந்தை உரிய படத்தைக் கண்ணால் நோக்கினாலே போதும்.

1932-இல் டப்ளின் நகரில் பிறந்த கிறிஸ்டி பிரவுன் இந்நோயினர். அவர்க்கு அறிவுண்டு என்று அன்னை உறுதியாக நம்பினார். ஐந்தாம் வயதில் அவர் இடக்கால் விரலால் சுண்ணக்கட்டியைப் பற்றி எழுதினார். 1954-இல் தம் வரலாற்றையே நூலாக வெளியிட்டார். நம் சென்னையிலும், 1985-இல் தோன்றிய வித்யாசாகர் நிறுவனம் இத்தகைய குழந்தைகளுக்குக் கல்வி அளித்து வருகின்றது. தொட்ட படத்தைக் குரலாக ஒலிக்கும் 'ஆவாஸ்' என்னும் செயலியும் சென்னையிலேயே உருவாயிற்று.

எனினும், கருவி மட்டும் போதாது. தன்னோடு பேசுவார் இல்லாத குழந்தைக்குச் சொல்வளம் பெருகாது. பெருகாமை கண்டு, அறிவில்லை என்று மேலும் ஒதுக்குதல் கொடுமையன்றோ?

குறிப்பறிதல் என்னும் பெயரால் திருக்குறளில் இரண்டு அதிகாரங்கள் உள. அரசவையிலும் காதலிலும் வேண்டப்பட்ட அப்பண்பு அண்டை வீட்டிலும் வேண்டும். பேசாத குழந்தையைக் காணும்போது அதன் பெயர் சொல்லி அழைத்துப் பேசுக. வினாவை எழுப்பிச் சிறிது பொறுத்திருக்க. விடை கண்ணிலோ விரலிலோ தோன்றும்.