ஒளித்தலையைக் குறைகூறுமுன்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துச் சிற்றூர்களில் இடவப்பாதியும் துலாவர்ஷமுமாக ஆண்டுக்கு இருமுறை காற்று ஈரத்தால் நிறைகிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்திலும் நெய்யாற்றின்கரை கேரளத்திலுமாக எல்லை வகுக்கப்பட்ட பின்னரும், இங்குள்ளோர் செவியில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கின்றன. பழைய குறுந்தகட்டுப் பெட்டிகளிலும் இருமொழிப் பாடல்கள், மணவீட்டுப் பதிவுகள், பள்ளிப் பாடங்கள் யாவும் கலந்து கிடக்கும். அவற்றை ஒலிக்கச் செய்யும் சி.டி. பிளேயர் ஒருநாள் "நோ டிஸ்க்" என்று காட்டி நின்றுவிடுகிறது. ஒளித்தலை போயிற்று என்று மெக்கானிக் தீர்ப்புக் கூறுகிறார். பல வேளைகளில் அத்தீர்ப்பு அவசரத் தீர்ப்பேயாகும்.

1982 அக்டோபரில் ஜப்பானில் முதன்முதல் விற்பனைக்கு வந்த இச்சாதனம், கிராமபோனுக்கு மாறாக, தகட்டின் மையப்புறத்திலிருந்து வெளிவிளிம்பு நோக்கிப் படிப்பது. 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒளியைச் சிறியதொரு லென்ஸ் குவிக்கிறது. அடுத்தடுத்த தடங்களுக்கு இடைவெளி 1.6 மைக்ரான் மட்டுமே. தகட்டை இட்டதும் லென்ஸ் மேலும் கீழும் அசைந்து குவியத்தைத் தேடும். பல பழைய கருவிகளில் குவியம் அகப்படும்வரை தகடு சுழலாது. இதனை அறியாதோர் மோட்டாரின்மேல் பழி சுமத்துகின்றனர்.

தகட்டின்மேல் படிந்த தூசியைவிட லென்ஸின்மேல் படிந்த தூசி கொடியது என்பதும் கவனிக்கத்தக்கது. 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக்கில் நுழையுமிடத்தில் ஒளிக்கற்றையின் அகலம் ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர், அங்குள்ள சிறு துகளின் நிழல் மங்கிவிடும், எஞ்சிய பிழையைக் கருவியே கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளும். லென்ஸில் ஈரமும் அடுப்புப் புகையும் ஏடாகப் படிந்துவிட்டாலோ, திரும்பிவரும் ஒளி முழுவதுமே குன்றுகிறது.

இந்நிலையில் சிலர், ஒளித்தலையிலுள்ள பிரீசெட்டைத் திருகி லேசருக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கூட்டிவிடுகின்றனர். கருவி உடனே பாடும். உடையவரும் மகிழ்ந்து கூலி கொடுப்பார். அழுக்கு அங்கேயே இருக்க, மிகை மின்னோட்டத்தால் லேசர் டயோடின் ஆயுள் தேய்கிறது. பல பழைய மாடல்களுக்குரிய ஒளித்தலைகள் இப்பொழுது உற்பத்தியாவதில்லை. துடைத்தால் தீர்ந்திருக்கும் குறை தீராக்குறையாகிறது. இதனைக் கைத்திறன் என்று பாராட்டுவதற்கில்லை.

முதற்கண், கடையில் வாங்கிய கீறலற்ற தகடு ஒன்றை இட்டுப் பார்த்தல் வேண்டும். அழித்து எழுதத்தக்க தகடுகள் 1997-இல்தான் வந்தன. அவை ஒளியைக் குறைவாகவே திருப்புவதால், அதற்கு முற்பட்ட கருவி அவற்றைப் படிக்காமை பழுதன்று. அடுத்து, மின்செருகியை நீக்கி மூடியைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சற்றே நனைத்த பஞ்சுக் குச்சியால் லென்ஸை மெல்லத் துடைக்கலாம். அது மிக நுண்ணிய தாங்கிகளில் நிற்பதால் அழுத்தலாகாது. வாயால் ஊதுவதும் ஆகாது, எச்சில் படியும். கருவி இயங்குகையில் லென்ஸுக்கு நேரே கண்ணை வைத்தல் பெருந்தவறு. அவ்வொளி பெரும்பாலும் புலப்படாது, ஆயினும் விழித்திரையைத் தாக்கவல்லது.

தகடு சுழன்றும் பாட்டு எழாவிடின், ஒளித்தலை நகரும் தண்டினைச் சோதிப்பது முறை. ஆண்டுக்கணக்கில் கிடந்த கிரீஸ் மெழுகுபோல் இறுகி, தலையை மையப்புறம் திரும்பவொட்டாது தடுக்கும். தகட்டின் உள்ளடக்கப் பட்டியல் அங்கேதான் பதிவாகியுள்ளது. அதைப் படியாமல் கருவி மேற்செல்லாது. பழைய கிரீஸைத் துடைத்துப் புதியது சிறிதளவு இட்டால் போதும். இவ்வளவும் செய்த பின்னரே ஒளித்தலையை ஐயுறுவது நியாயம்.

பள்ளியின் உடைசல் அறையில் கிடக்கும் கருவியொன்றை ஆசிரியர் இவ்வரிசையில் ஆராய்ந்து காட்டினால், ஒளியியல் பாடத்திற்குக் கரும்பலகைப் படத்தினும் அது மேலானது. மணவீட்டுப் பதிவு போன்ற வீட்டுத் தகடுகளின் நிலை வேறு. அவற்றின் சாயப்படலம் காலப்போக்கில் கெடுவதால், எந்தக் கருவியைத் துடைத்தும் அவற்றை மீட்க இயலாது. வேறு படியில்லாத தகடுகளை ஊரார் கணினியில் படியெடுத்துக்கொள்ளக் கள ஊழியர்கள் இடவப்பாதிக்கு முன்னரே உதவலாம்.