பனந்தும்பும் ஆக்கவுரிமைப் பத்திரங்களும்

வன்னியிலே பனைமட்டையிலிருந்து தும்பு பிரிக்கும் பொறியொன்றை ஆக்க முற்படும் தொழில்நுட்பவியலாளர், பிறர் ஏற்கெனவே கண்டறிந்தவை எவையென்று ஆக்கவுரிமைப் பத்திரங்களைத் தேடிப் பார்த்தல் அவசியம் என்பதில் அபிப்பிராய பேதம் இராது. ஆயினும் பனையின் ஆங்கிலப் பெயரை மாத்திரம் நம்பித் தேடுகிறவர், தென்னைக்கும் கற்றாழைக்கும் சணலுக்குமென இயற்றப்பட்டுப் பனைமட்டைக்கும் பொருந்தக்கூடிய பொறிகளையெல்லாம் காணாமலே போய்விடுவார். இக்குறையை நீக்கவல்லது 1971ஆம் ஆண்டின் ஸ்ட்ராஸ்பேர்க் உடன்படிக்கையால் நிலைபெற்ற சர்வதேச வகைப்பாடு. இயற்கைப் பொருள்களிலிருந்து இயந்திர முறையால் நார் எடுத்தல் அதிலே ‘டி01பி’ என்னும் குறியீட்டின் கீழ் அடங்குவதால், சீனத்திலோ ஜப்பானிலோ பிரசுரமான பத்திரத்தையும் அக்குறியீடு நம் கைக்கு எட்டச் செய்கின்றது.

அந்நாட்டு மொழிகளை அறியாதவரும் பத்திரத்தின் முதற்பக்கத்தை ஓரளவு வாசிக்கலாம். 51 என்னும் எண்ணுக்கு எதிரே வகைப்பாடும், 54க்கு எதிரே தலைப்பும், 57க்கு எதிரே சுருக்கமும், 30க்கு எதிரே முதல் விண்ணப்பத்தைக் குறிக்கும் முன்னுரிமை விபரமும் இருக்குமாறு அலுவலகங்கள் தமக்குள் ஒழுங்கு செய்துகொண்டிருக்கின்றன. அம்முன்னுரிமை விபரமே ஒரு கண்டுபிடிப்புக்குப் பல தேசங்களிற் பிறந்த பத்திரங்களை ஒரே குடும்பமாகச் சேர்க்கின்றது. 1972இல் வியன்னாவிலே தொடங்கிய இன்படொக் என்னும் ஆக்கவுரிமை ஆவண நிலையம் வளர்த்த இக்குடும்பத் தொகுப்பு, பின்னர் ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்தைச் சேர்ந்து, இன்று எஸ்பசெநெட் இணையத்தளம் வாயிலாக இலவசமாகவே கிடைக்கின்றது.

குடும்பத்தைப் பார்ப்பதன் பிரயோசனம் பெரிது. ஆக்கவுரிமை, வழங்கிய தேசத்தின் எல்லைக்குள்ளேயே செல்லுபடியாவதாகலின், இலங்கையில் உரிமை பெறப்படாத பொறியைக் கிளிநொச்சிப் பட்டறையொன்று செய்து பயன்படுத்துவதற்குத் தடையில்லை. விண்ணப்பித்து 20 ஆண்டு கடந்ததோ பெரும்பாலும் எங்கும் பொதுச்சொத்து. ஆனால் இலங்கை 1982 முதல் ஆக்கவுரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையில் அங்கம் வகிப்பதனால், பிறநாட்டு விண்ணப்பமொன்று முன்னுரிமைத் தேதியிலிருந்து 30 மாதம் வரை இங்கே நுழைய இடமுண்டு. ஆதலின் புதிய பத்திரத்தில் இலங்கையின் பெயர் இல்லையென்று கண்டவுடன் துணிந்துவிடலாகாது, கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விசாரித்தறிதல் வேண்டும். செய்பொருளை ஏற்றுமதி செய்ய எண்ணுவோர் அது சென்றடையும் தேசத்து உரிமையையும் நோக்குக.

கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியல், தொழில்நுட்பப் பீடங்களும் வவுனியாப் பல்கலைக்கழகமும், இறுதியாண்டுச் செயற்றிட்டம் ஒவ்வொன்றிலும் தேடிய குறியீட்டையும் தேடிய தேதியையும் மாணவர் எழுதிச் சேர்த்தாலன்றி வரைபடத்தை ஏற்பதில்லையென இவ்வாண்டே விதி செய்யுமாறு வேண்டுகின்றோம்.