சிக்கிய கியர்

கவரைப்பேட்டை தாண்டி ஒரு வயலில், பழைய டிராக்டர் ஒன்றைச் சுற்றி நாலு பேர் நின்றிருந்தார்கள். சொர்ணவாரிப் பருவ நெல்லுக்குச் சேடை ஓட்டுகிற அவசரம், கியரோ மாட்டிக்கொண்டது. கிளட்சை விட்டால் என்ஜின் குலுங்கி அணைந்துவிடுகிறது. ஆளுக்கொரு முறை லிவரைப் பிடித்து உலுக்கினார்கள் (நம் ஊரில் முதல் வைத்தியம் எப்போதும் அதுதான்). கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காத கண்ணோடு வந்த பையன் மட்டும், "இழுக்காதீங்கண்ணே, ரெண்டு கியர் ஒண்ணா விழுந்திருக்கு" என்றான். லிவர் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கினான். உள்ளே எண்ணெய்க்குள் பக்கம் பக்கமாக ஷிஃப்டர் ராடுகள். நியூட்ரலில் ஒரே வரிசையில் நிற்க வேண்டிய காடிகள் முன்னும் பின்னுமாக விலகியிருந்தன. நீளமான ஸ்குரூ டிரைவரால் ஒன்றை நெம்பினான். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு லிவரின் அடிநுனியைத் துடைத்துக் காட்டினான்: உருண்டையாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் நகம்போலத் தேய்ந்திருந்தது. வெல்டு வைத்து அரத்தால் ராவினால் இன்னும் சில போகம் ஓடுமாம். 1960-இல் சென்னையில் டாஃபே டிராக்டர் நிறுவனம் தொடங்கிய பிறகு நம் பக்கத்து வயல்களுக்கு டிராக்டர் பழகிவிட்டது. அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று எட்டிப் பார்க்கத்தான் நமக்குப் பழகவில்லை. பையன் இதை அப்பா ஓட்டிய வண்டியில் கற்றுக்கொண்டானாம். அந்த வண்டி உழுத நிலம் இப்போது இல்லை. கையைத் தவிட்டில் தேய்த்துக் கழுவிவிட்டுத் தூங்கப் போனான்.