அக்குபஞ்சருக்குப் போகுமுன்

மூட்டுவலியாலோ முதுகுவலியாலோ மாதக்கணக்கில் அவதிப்பட்டு, கோரிமேட்டு ஜிப்மரின் வெளிநோயாளர் வரிசையில் விடியுமுன் போய் நின்று, எக்ஸ்ரே எடுத்து, எழுதிக் கொடுத்த மாத்திரைகளையெல்லாம் விழுங்கி, வலி மட்டும் போன பாடில்லையே என்று சலித்துப்போய்த் திண்ணையில் சாய்ந்திருக்கும் ஒரு பெரியவரிடம், "ஒரு தடவை அக்குபஞ்சர் பார்த்துவிடுங்களேன்" என்று சொல்ல ஓர் உறவினரோ அண்டை வீட்டாரோ இல்லாத தெரு இன்றைய புதுவையில் இராது. அப்படிப் போகிறவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று பரிகசிப்பவர்களோடு எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. வலி என்பது அனுபவிப்பவருக்கு மட்டுமே தெரிந்த உபாதை. அதற்கு எங்கேனும் நிவாரணம் கிடைக்குமா என்று தேடுவது மனித சுபாவம்.

அவர்கள் ஏன் போகிறார்கள் என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில், வாசல் வரை கூட்டம் நெரிகையில், ஒரு டாக்டர் ஒரு ரோகிக்கு ஒதுக்கக்கூடிய நேரம் சில நிமிஷங்களே. அக்குபஞ்சர் நிலையத்திலோ, மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக் கண்களை மூடி நாடி பார்க்கிறவர், உறக்கம் எப்படி, பசி எப்படி, மலஜலம் எப்படி, மனத்தில் என்ன கவலை என்று நிதானமாக விசாரிக்கிறார். சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்கிறார். பாதி நோய் அந்த விசாரிப்பிலேயே குறைந்ததாக ரோகி உணர்ந்தால் அதில் வியப்பில்லை. நம் ஆஸ்பத்திரிகள் இதைக் கவனித்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

சீன தேசத்தில் தோன்றிய இந்தச் சிகிச்சை புதுவைக்கு முற்றிலும் அந்நியமான பெயரன்று. ஐரோப்பாவில் இதை ஆதரித்து வளர்த்த முதன்மையான நாடுகளில் ஒன்று, ஒருகாலத்தில் நம்மை ஆண்ட பிரான்ஸ். இசைமேதை எக்தோர் பெர்லியோஸின் தந்தையும் கிராமத்து வைத்தியருமான லூயி பெர்லியோஸ் 1810-ஆம் ஆண்டு வாக்கிலேயே ஊசியைப் பிரயோகித்துப் பார்த்து, 1816-இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். பின்னர், சீனத்தில் தூதரக அதிகாரியாக இருந்து திரும்பிய ஜார்ஜ் சூலியே த மொரான் 1939-இல் தம் பெருநூலின் முதற்பகுதியை வெளியிட்டு, பாரிஸ் வைத்தியர்களிடையே இதனைப் பரப்பினார். இவ்வளவு ஆதரவு காட்டிய அந்த நாட்டில் இன்று சட்டம் என்ன சொல்கிறது? மருத்துவப் பட்டம் பெற்றவர்களும், தத்தம் துறையின் எல்லைக்குள் பல் வைத்தியர்களும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளும் தவிர வேறு எவரும் அங்கே அக்குபஞ்சர் செய்தல் ஆகாது; செய்தால் அது சட்டவிரோத வைத்தியம். பாரிஸிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உறவினரைக் கொண்டிருக்கும் நம்மூர்ச் சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்கள் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவரும் முறையாகக் கற்ற ஒரு டாக்டர்தான். சீனர்களுக்கு உதவி செய்யக் காங்கிரஸ் 1938-இல் அனுப்பிய ஐவர் கொண்ட வைத்தியக் குழுவில் டாக்டர் கோட்னிஸோடு சென்ற விஜயகுமார் பாசு, பிற்காலத்தில் மீண்டும் சீனம் சென்று அக்குபஞ்சர் கற்று, 1959-இல் கல்கத்தாவில் சிகிச்சையைத் தொடங்கினார். வைத்திய சாஸ்திரத்தை அறிந்தவர், அதனோடு இன்னொரு கருவியாக ஊசியையும் கையில் எடுத்தார் என்பதே அந்தத் தொடக்கம்.

தமிழ்நாட்டிலும் நம்மிடத்திலும் அது வேறு உருவெடுத்துவிட்டது. இங்கே பல நிலையங்களில் ஊசியே கிடையாது. நாடி பார்த்து, கையிலோ காலிலோ ஒரு 'பாயிண்டை' விரலால் சற்று நேரம் தொட்டுவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். தம்மை 'ஹீலர்' என்று அழைத்துக்கொள்ளும் இவர்களுள் நல்லெண்ணம் கொண்டவர்கள் பலர் உண்டு. பசித்துப் புசி, தாகம் எடுத்தால் குடி, இரவில் நேரத்தோடு உறங்கு என்று அவர்கள் சொல்வதை எந்த டாக்டரும் மறுக்கமாட்டார். ஆனால் இவர்களுள் ஒரு சாரார் அந்தத் தொடுதலோடு ஒரு சித்தாந்தத்தையும் சேர்த்தே வழங்குகிறார்கள். உடல் தன்னைத் தானே சுகப்படுத்திக்கொள்ளும், ரத்தப் பரிசோதனை வீண், மாத்திரை என்பது விஷம், காய்ச்சல் கழிவு நீக்கம், ஆகையால் இன்றோடு எல்லா மருந்தையும் நிறுத்திவிடு என்பதே அந்தச் சித்தாந்தம். நான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தது இந்த ஒரு வாக்கியத்தின் பொருட்டே.

முதலில், அக்குபஞ்சரால் ஆவது எது என்று பார்ப்போம். நாள்பட்ட இடுப்பு வலி கொண்ட 1,162 பேரை வைத்து ஜெர்மனியில் நடத்திய ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2007-இல் வெளியாயிற்று. அவர்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குச் சீன சாஸ்திரப்படி உரிய இடங்களில் ஊசி குத்தினார்கள். இன்னொரு பிரிவினருக்கு, அவர்கள் அறியாதபடி, சாஸ்திரம் சொல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தினார்கள். மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும் அளித்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்க்கையில், முதற்பிரிவில் நூற்றுக்கு 47.6 பேரும், இரண்டாவதில் 44.2 பேரும், மூன்றாவதில் 27.4 பேரும் குணம் கண்டிருந்தார்கள். இந்த மூன்று எண்களையும் நிதானமாக யோசிக்க வேண்டும். ஊசி குத்திக்கொண்டவர்கள் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள் என்பது உண்மை. அதை மறைப்பவர் நேர்மையானவர் அல்லர். ஆனால் 'சரியான' புள்ளிக்கும் 'தவறான' புள்ளிக்கும் இடையில் ஏறத்தாழ வித்தியாசமே காணவில்லை என்பதும் அதே அளவு உண்மை. பதினான்கு நாடிப் பாதைகள், 361 புள்ளிகள், அவற்றுள் ஓடும் சக்தி என்ற தத்துவத்தை இந்தப் பரீட்சை உறுதிப்படுத்தவில்லை. ஊசியின் கிளர்ச்சியும், பக்கத்திலிருந்து கவனிக்கும் மனிதரும், குணமாகும் என்ற நம்பிக்கையும் கூடி வலியைத் தணிக்கின்றன என்றே கொள்ளத் தோன்றுகிறது.

இடுப்பு வலி, முழங்கால் தேய்மானத்தின் வலி, அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலி போன்ற நாள்பட்ட வலிகளுக்கு, வழக்கமான சிகிச்சைக்குத் துணையாக, தகுதியுள்ள ஒருவரிடம் சில தடவை முயன்று பார்ப்பதில் தவறில்லை. இங்கிலாந்தின் அரசு வழிகாட்டுதல்கூட ஒற்றைத் தலைவலிக்கு மற்ற மருந்துகள் பலிக்காதபோது, ஐந்து முதல் எட்டு வாரத்துக்குள் பத்துத் தடவை வரை பார்க்கலாம் என்றே சொல்லிற்று. இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்த எல்லை. பத்துத் தடவையில் பலன் இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும்; வருஷக்கணக்கில் போய்க்கொண்டிருக்கச் சொல்பவர் உங்கள் முழங்காலைவிடத் தம் வருமானத்தையே கருதுகிறார். வலி எதனால் என்று தெரியாமல் போவதும் தகாது. காரணமின்றி எடை குறைதல், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கால் மரத்துப்போதல், சிறுநீர் அடைபடுதல் ஆகியவற்றோடு வரும் முதுகுவலியை, டாக்டர் ஒருவர் பார்த்துக் காரணத்தை நிச்சயிக்காமல் எந்த ஊசிக்கும் கொடுக்கக் கூடாது.

சர்க்கரை வியாதி, ரத்த அழுத்தம், க்ஷயரோகம், வலிப்பு, புற்றுநோய், இருதயக் கோளாறு ஆகியவற்றின் விஷயம் வேறு. இவற்றுக்குரிய மருந்தின் இடத்தை விரல் தொடுதலோ ஊசியோ பிடித்துக்கொள்ளும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் கிடையாது. சிறு வயதிலேயே சர்க்கரை வந்து இன்சுலினால் உயிர்வாழும் ஒரு பிள்ளை அதை நிறுத்தினால், சில நாட்களுக்குள்ளேயே ரத்தத்தில் அமிலம் ஏறி மயங்கி விழும். 1922-இல் முதன்முதலாக டொராண்டோவில் இன்சுலின் செலுத்தும் வரை அப்படிப்பட்ட பிள்ளைகள் அனைவரும் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். ஜிப்மரில் செயற்கை வால்வு பொருத்திக்கொண்டு, ரத்தம் உறையாதிருக்க அசிட்ரோம் சாப்பிடுகிறவர் அதை நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டி, மூளைக்குச் சென்று பக்கவாதமோ மரணமோ நேரலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு ஓயாமல் தொடரக்கூடும். இவையெல்லாம் மருத்துவக் கல்லூரி மாணவர்கூட அறிந்த சாதாரண உண்மைகள்.

மருந்தை நிறுத்தியபின் உடல் கெட்டால், "கழிவு வெளியேறுகிறது, பயப்படாதீர்கள்" என்று சமாதானம் சொல்கிறார்கள். உபாதை குறைந்தால் அது சிகிச்சையின் வெற்றி. கூடினால் அதுவும் கழிவு நீங்குவதன் அடையாளம். ஆகத் தோல்வி என்று ஒன்றை ஒப்புக்கொள்ளவே இடம் வைக்காத சித்தாந்தம் அது. தன் தவற்றைத் தானே கண்டுபிடிக்கும் வழியை அடைத்துக்கொண்ட எந்த வைத்தியமும், அது எத்தனை புராதனமானதாயினும், யாருடைய நல்லெண்ணத்தால் நடப்பதாயினும், அபாயகரமானது. 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தை அடுத்த நேமத்தில், ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே பிரசவிக்க நேர்ந்த ஒரு பெண்ணும் அவர் சிசுவும் இறந்துபோனார்கள். கணவரையும், அக்குபஞ்சர் சிகிச்சை அளித்தவரையும் போலீசார் கைது செய்தார்கள். வழக்கின் தீர்ப்பை நீதிமன்றம் சொல்லட்டும். கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று சொல்ல எந்தப் புள்ளி சாஸ்திரத்துக்கும் அதிகாரம் இல்லை என்பதை மட்டும் நாம் இன்றே சொல்லலாம்.

ஊசியின் அபாயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தகுதியுள்ள கரத்தில் அது மிகக் குறைவு. டாக்டர்களிடம் ஊசி குத்திக்கொண்ட 2,29,230 ஜெர்மானியர்களைக் கணக்கெடுத்தபோது, நூற்றுக்கு 8.6 பேர் ஏதோ ஒரு சிறு தொந்தரவைச் சொன்னார்கள். பெரும்பாலும் ரத்தக் கசிவு, கன்றிப்போதல், வலி ஆகியவையே. நுரையீரல் துளைபட்டவர் அவ்வளவு பேரில் இருவர். ஆனால் தோள்பட்டையிலும் மேல் முதுகிலும் மார்பிலும் தோலுக்குக் கீழே நுரையீரல் வெகு அருகில் இருக்கிறது. உடற்கூறு அறியாதவர் அங்கே ஆழமாகச் செலுத்தினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 1984-இல் ஒரே நிலையத்தில் ஊசி குத்திக்கொண்ட 35 பேருக்கு மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ் பி தொற்றியது. ஆகவே உங்கள் கண்ணெதிரே புதிய பாக்கெட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். தலைமயிரைவிடச் சற்றே தடித்த அந்த ஊசி, காகித முதுகு வைத்த சிறிய பிளாஸ்டிக் உறையில், வழிகாட்டும் குழலோடு அடைபட்டிருக்கும். உறையின் மேல் காலாவதித் தேதி அச்சாகியிருக்கும். குத்தி எடுத்தபின் அதைத் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில் போட வேண்டும் என்பது 2016-ஆம் வருஷத்து மருத்துவக் கழிவு விதி. "உங்கள் ஊசியை உங்களுக்கென்றே வைத்திருக்கிறோம், அடுத்த தடவையும் இதுவேதான்" என்று எவரேனும் சொன்னால் சம்மதிக்காதீர்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். உட்கார்ந்தபடி குத்திக்கொண்டால் சிலருக்கு மயக்கம் வரும், படுத்துக்கொள்வதே நலம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஊசியில் மின்சாரம் செலுத்தும் முறைக்கு உடன்படக் கூடாது. ரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும், கர்ப்பிணிகளும், நீரிழிவால் பாதம் மரத்தவர்களும் இதை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மத்திய அரசு 2003 நவம்பர் 25-ஆம் தேதி வெளியிட்ட ஆணை, பதிவு பெற்ற வைத்தியர்களோ தக்க பயிற்சி பெற்றவர்களோ அக்குபஞ்சர் செய்யலாம் என்று அனுமதித்தது. அங்கீகாரம் பெற்ற வைத்திய முறைகளைச் சேர்ந்தவர்களே 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளலாம் என்றும் அது சொல்லிற்று. 2019 பிப்ரவரியில் தனி மருத்துவ முறை என்ற அங்கீகாரமும் கிடைத்தது. ஆனால் தக்க பயிற்சி என்பது எது? உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வகுத்த அளவின்படி, மருத்துவப் பட்டம் இல்லாதவர் அக்குபஞ்சர் செய்ய 2,500 மணி நேரப் படிப்பும் பயிற்சியும் வேண்டும். சில ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் பெற்ற சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருப்பவர்களையும், ஐந்தரை ஆண்டு இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பில் உடற்கூறோடு இதையும் கற்றவர்களையும் ரோகி எப்படிப் பிரித்தறிவார்? மேற்கு வங்கம் 1996-இலும் மகாராஷ்டிரம் 2015-இலும் அக்குபஞ்சருக்கென்றே சட்டமும் பதிவு முறையும் செய்துகொண்டன. 1823-இலேயே மருத்துவப் பள்ளி கண்ட நம் புதுவையின் சட்டப்பேரவை, அத்தகைய பதிவேடு ஒன்றைத் திறந்து, எவர் எங்கே என்ன படித்தவர் என்பதை எந்தக் குடிமகனும் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அது வரும்வரை, போகிறவர்கள் போகலாம். போகும்போது நீங்கள் உண்ணும் மாத்திரை அட்டைகளையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; என்ன படித்தீர்கள், எங்கே படித்தீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள்; திரும்பி வந்து, ஊசி குத்திக்கொண்டதை உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் பாதகமில்லை. இன்சுலினையோ, ரத்த அழுத்த மாத்திரையையோ, அதை எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேளாமல் நிறுத்திவிடச் சொல்பவர் எவராயினும், கொடுத்த பணம் போனாலும் போகட்டும் என்று அந்த நிமிஷமே எழுந்து வீட்டுக்கு வந்துவிடுங்கள்.