பதில் சொன்னவருக்கு என்ன கிடைத்தது?

வடிவமைப்பு படிக்கிற பிள்ளைகளின் கண்காட்சி ஒன்றுக்குள் போனால் மூன்று சாமான் கட்டாயம் இருக்கும். சுவர் நிறைய மஞ்சள் ஸ்டிக்கி நோட். "உங்கள் கனவை எழுதுங்கள்" என்றொரு பலகை, பக்கத்தில் நூலில் கட்டின பேனை. வாசலில் ஒரு கியூஆர் கோட். ஸ்கான் பண்ணினால் கூகுள் ஃபோர்ம். "பார்வையாளர் ஊடாட்டம்" என்ற தலைப்புக்குரிய புள்ளி அதோடு விழுந்துவிடும். கண்காட்சி முடிந்த அடுத்த நாள் அந்த மஞ்சள் துண்டுகள் எங்கே போகின்றன என்று கேட்டுப் பாருங்கள். குப்பைக் கூடைக்குத்தான். ஃபோர்மில் விழுந்த பதில்கள் யாரோ ஒருவரின் டிரைவில் கிடக்கும். ஒருவரும் திறப்பதுமில்லை, ஒருவரும் அழிப்பதுமில்லை.

மாணவர்களில் எனக்குக் கொஞ்சம்தான் கோபம். மிச்சம் முழுக்க அசைன்மென்ட் எழுதுகிறவர்களில். தரவு சேகரி, காட்சிப்படுத்து, பார்வையாளரை ஈடுபடுத்து என்று மூன்று கட்டளை அந்தத் தாளில் இருக்கும். எடுத்ததைத் திருப்பிக் கொடு என்ற நாலாவது கட்டளையை நான் இன்னும் ஒரு தாளிலும் காணவில்லை. அதற்குப் புள்ளியும் இல்லை.

முதலில் ஃபோர்ம். வெள்ளிக்கிழமை சமர்ப்பிக்க வேண்டும் என்றால் புதன் இரவு பேட்ச் வட்ஸ்அப் குழுவில் லிங்க் விழும்: "மச்சான், ஒருக்கா ஃபில் பண்ணிவிடுங்கோ, ரெண்டு நிமிசம்தான்." நாற்பது பேர் நிரப்புவார்கள். நாற்பது பேரும் ஒரே கம்பஸ், ஏறக்குறைய ஒரே வயது, பாதிப்பேர் ஒரே போர்டிங். அறிக்கையில் அவர்கள் "இலங்கை இளைஞர்கள்" ஆகிவிடுவார்கள். வட்ட வரைபடமும் ஒன்று வரும். (வட்ட வரைபடம் இல்லாத அறிக்கைக்குப் புள்ளி வெட்டுவார்கள் என்று நினைக்கிறேன்.) மலையகத்து முதியவர்களுக்கு ஒரு செயலி செய்கிறோம் என்பார்கள், கேள்விகள் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் இருந்தாலோ மெஷின் மொழிபெயர்த்த தமிழ். கேள்வி எது, பதில் எது என்று விளங்காது.

இதெல்லாம் சோம்பேறித்தனம், சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது ஃபோர்மின் தலைப்பகுதி. பெயர், வயது, மாவட்டம், இனம், தொலைபேசி இலக்கம். பஸ் நேர அட்டவணை ஒன்றை வடிவமைக்க இனம் எதுக்கு? கேட்டால், "டெம்பிளேட்டில இருந்தது" என்பார்கள்.

இந்த நாட்டில் பட்டியல்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழரின் வீடுகளைத் தேடிப் போன கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. வாக்குப் போடுவதற்கென்று கொடுத்த பெயரும் விலாசமும் வாசலைக் காட்டிக்கொடுத்தன. போர் முடிந்த பிறகு, 2011இல், யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இராணுவம் குடும்பங்களைப் பதிந்து படமெடுத்தது. அதை நிறுத்தச் சொல்லித் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டி வந்தது. 2017இலிருந்து தெருவோரப் போராட்டத்தில் இருக்கும், காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமார் எத்தனை ஆணைக்குழுவுக்கு, எத்தனை படிவத்தில், அதே பெயரையும் அதே திகதியையும் எழுதிக் கொடுத்திருப்பார்கள்? இப்படியான ஊரில் கையில் தாளும் பேனையுமாக ஒரு ஆள் படலையில் வந்து நின்றால், "நீங்கள் எந்த ஒவ்வீஸ்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். மாணவர் அதை "பயனர் தயக்கம்" என்று அறிக்கையில் எழுதுவார். அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"பிள்ளையள்தானே, பயிற்சிதானே" என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். கேட்கிறவருக்குத்தான் அது பயிற்சி. பதில் சொல்லுறவர் சொல்லுறது அவருடைய உண்மையான வயது, உண்மையான வருமானம், உண்மையான மகன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம்கூட, எதற்காக எடுக்கிறோம் என்பதைத் தெளிவாக வரையறுக்க வேண்டும், தேவை முடிந்த பிறகும் வைத்திருக்கக் கூடாது என்கிறது. எத்தனை வடிவமைப்பு வகுப்புகளில் அது ஒரு மணித்தியாலம் பேசப்படுகிறது?

ஃபோர்மைவிட வடிவான சாமான் ஒன்று இருக்கிறது, நூல் பலகை. இலங்கை வரைபடத்தில் ஆணி அடித்து, பிறந்த ஊரிலிருந்து இப்போது இருக்கிற ஊருக்கு நூல் கட்டச் சொல்வது. நான் பார்த்த ஒரு கண்காட்சியில், மகளோடு வந்த அம்மா ஒருவர் ஒரு நுனியைத் தன் ஊரில் கட்டிவிட்டு மற்ற நுனியைப் பிடித்தபடி நின்றார்.

"தம்பி, இடையில இருந்த இடங்களுக்கும் கட்டலாமோ?"

"இல்லை அம்மா, ஒரு ஆளுக்கு ரெண்டு ஆணிதான். இல்லாட்டி டேட்டா பிழைச்சுப் போயிடும்."

அம்மா பேசாமல் கட்டினார். இடம்பெயர்ந்து இருந்த இடம் அத்தனையும் ஒரு நேர்கோட்டுக்குள் போய்விட்டது. அந்தக் கண்காட்சி முழுவதிலும் உண்மையான தரவு என்று ஒன்று வந்திருந்தால் அது அந்த அம்மாவின் கேள்வி. அதைக் குறித்துக்கொள்ளப் பலகையில் இடமில்லை. தம்பியைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குக் கொடுத்த அசைன்மென்டில் "இரண்டு புள்ளி" என்றுதான் இருந்திருக்கும்.

ஏறக்குறைய இதே யோசனையை 1969இல் ஹான்ஸ் ஹாக்கே நியூயோர்க்கின் ஹவார்ட் வைஸ் கலரியில் செய்திருந்தார். வந்தவர்கள் பிறந்த இடத்தில் சிவப்பு ஊசியும் வசிக்கிற இடத்தில் நீல ஊசியும் குத்தினார்கள். அவர் அதோடு விடவில்லை. மன்ஹாட்டனில் நீல ஊசி விழுந்த இடங்களுக்கு நேரில் போய் அந்தக் கட்டடங்களின் முகப்பைப் படமெடுத்தார், பிறகு அந்தப் படங்களைக் காட்சிக்கு வைத்தார். ஊசி குத்தினவர் எங்கே இருக்கிறார் என்பது அவருக்கு உண்மையிலேயே தெரியவேண்டி இருந்தது.

அடுத்த வருடம், 1970இல், நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் உள்ளே இருப்பது தெரிகிற இரண்டு பெட்டி வைத்தார். கேள்வி ஆளுநர் நெல்சன் ரொக்ஃபெல்லரைப் பற்றியது: நிக்சனின் இந்தோசீனக் கொள்கையை அவர் கண்டிக்காமல் இருப்பது, நவம்பரில் நீங்கள் அவருக்கு வாக்களிக்காமல் விடுவதற்கு ஒரு காரணமாகுமா? ரொக்ஃபெல்லர் அதே அருங்காட்சியகத்தின் அறங்காவலர்களில் ஒருவர். 37,000 பேருக்கு மேல் சீட்டுப் போட்டார்கள், ஏறக்குறைய 69 வீதம் "ஆம்". பெட்டி எந்தப் பக்கம் நிரம்புகிறது என்பதை உள்ளே வந்த ஒவ்வொருவரும் கண்ணால் கண்டார்கள். அங்கே பதில் மண்டபத்துக்குச் சொந்தக்காரரைச் சுட்டது. எங்கள் கண்காட்சிகளிலோ "உங்களுக்குப் பிடித்த நிறம்?" என்று கேட்கிறோம், மண்டபம் தந்தவருக்கு நோகக் கூடாதே.

எங்கள் ஊரிலேயே ஒரு வேலை இருக்கிறது, வகுப்பில் அதையல்லவா காட்டவேண்டும். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு', 2011இல் ரேக்கிங் லீவ்ஸ் வெளியிட்ட நூல். தோம்பு என்றால் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் காணிகளைப் பதிந்துவைத்த இடாப்பு. வடக்குக் கிழக்கில் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள், இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறிக் கொடுத்தார்கள். அதோடு கட்டடக்கலை முறையில் வரைந்த படமும், சனாதனன் வரைந்த ஓவியமும் சேர்ந்து வருகின்றன. ஆட்சி பதிந்த தோம்புக்குப் பக்கத்தில் சனங்கள் தாங்களே பதிந்த தோம்பு. இதுவும் தரவு சேகரிப்புத்தான். ஆனால் நேரான கோடு வந்த பிறகு கோணல் கோட்டை அவர் தூக்கி எறியவில்லை. கீறினவரின் கை அந்தத் தாளில் இருக்கிறது.

சனங்களிடம் போக முதல் தன்னை எண்ணிப் பழகுவதும் நல்லது. ஜோர்ஜியா லூப்பியும் ஸ்டெஃபனி பொசவெக்கும் 'டியர் டேட்டா' என்று 52 கிழமை செய்தது அதைத்தான். கடிகாரத்தை எத்தனை தரம் பார்த்தேன், எதைப்பற்றிக் குறை சொன்னேன் என்று தங்களையே எண்ணித் தபாலட்டையில் வரைந்து ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். அதையும் இப்போது அசைன்மென்ட் ஆக்கியிருக்கிறார்கள். ஏழு நாள் தரவையும் கடைசி இரவில் இருந்து இட்டுக்கட்டுவது எல்லோருக்கும் தெரிந்த விசயம், அதை விடுவோம்.

இந்த வருடம் இறுதியாண்டுப் புரொஜெக்ட் செய்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். லிங்கை அனுப்ப முதல் உங்கள் அம்மம்மாவுக்கு அந்த ஃபோர்மைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். "இது ஏன் ராசா கேக்கிறாய்?" என்று அவர் கேட்கிற ஒவ்வொரு கட்டத்திலும் நில்லுங்கள். சொல்லப் பதில் இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தை அழித்துவிடுங்கள். முடிவுகளை ஏ3 தாளில் தமிழில் அச்சடித்து, கேட்ட அதே வாசிகசாலையில், அதே பஸ் தரிப்பிடத்தில் ஒட்டுங்கள். பதில்களை என்றைக்கு அழிப்பீர்கள் என்ற திகதியையும் கீழே போடுங்கள். இதுக்குப் புள்ளி இல்லை என்று விரிவுரையாளர் சொன்னால் அந்த அசைன்மென்ட் தாளை எங்களுக்கு அனுப்புங்கள், பெயர் போடாமல் அடுத்து அதைப்பற்றியே எழுதுவோம்.