சீர்ப் பட்டியலும் பழைய வேட்டியும்



சென்ற மாதம் பெரியவர் ஒருவர் மதரஸாவிற்கு வந்தார். மகளுக்குத் தலைப்பிரசவம். நாற்பது கழிந்து பிள்ளையைச் சம்பந்தி வீட்டிற்கு அனுப்பும்போது கொடுக்க வேண்டிய சீர்ப் பட்டியல் அவர் கையில் இருந்தது: வெள்ளிக் கொலுசு, ஜரிகைச் சட்டை, தலையணை, சுர்மாச் சிமிழ். கடன் கேட்டு வந்திருந்தார்.

அப்பட்டியலில் பிள்ளைக்குப் பயன்படும் பொருள் ஒன்றேனும் இல்லை.

பச்சிளங்குழந்தைக்கு வேண்டியது பழகி மென்மையான பருத்தித் துணி. பாட்டனாரின் பழைய வேட்டியைக் கொதிநீரில் அலசி, வெயிலில் உலர்த்திக் கிழித்தால் அணையாடை ஆயிற்று. முன்புறம் நாடா கட்டும் சட்டைகள் ஆறு, போர்த்த இரண்டு துண்டுகள், குளிர் நாளுக்கு ஒரு குல்லா. புதுத் துணியாயின் துவைத்த பின்னரே அணிவியுங்கள். அணையாடை தொப்புளுக்குக் கீழே நிற்கட்டும். கொடி உலர்ந்து தானே விழும். தலையணை மூச்சை அடைக்கக்கூடும். முதலாண்டில் அது வேண்டவே வேண்டாம்.

சுர்மாவைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்வேன். கடைச் சுர்மா பலவற்றில் ஈயம் உண்டு. கண்ணைக் கசக்கிய விரலைப் பிள்ளை வாயில் வைக்கும். ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சுன்னத்தென்று வாதிடுவோர் உளர். ஹதீஸில் வருவது இஸ்மித். சிமிழில் இருப்பது எதுவென்று யார் அறிவார்?

"ஹஜ்ரத், இதைச் சம்பந்தியிடம் யார் சொல்வது?" என்றார் பெரியவர்.

மறுநாள் அஸருக்குப் பின் நானே சென்றேன். கொலுசையும் சுர்மாவையும் தலையணையையும் விட்டுக்கொடுத்தார்கள். ஜரிகைச் சட்டையை மட்டும் விடவில்லை.