குருத்தெலும்பும் எடையின்மையும்: திருவனந்தபுரத்தின் பொறுப்பு

விண்வெளியில் எலும்பு மெலியும், தசை தளரும் என்பது பலரும் அறிந்த செய்தி. மூட்டு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பைப் பற்றிய பேச்சோ அரிதாகவே எழுகிறது. திருவனந்தபுரம் இக்குறையைப் போக்க இயலும், போக்கவும் வேண்டும்.

குருத்தெலும்பில் இரத்தக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. அதன் உயிரணுக்கள் மூட்டுநீரிலிருந்தே பெரிதும் உணவு பெறுகின்றன. நடக்கையில் ஏறி இறங்கும் அழுத்தம் அந்த உணவோட்டத்துக்குத் துணைசெய்கிறது. கொலாஜன் போன்ற புரதங்களை ஆக்குமாறு உயிரணுக்களைத் தூண்டவும் செய்கிறது. எடை நீங்கும்போது இவ்விரண்டும் குறைகின்றன.

மாட்டின் குருத்தெலும்பு உயிரணுக்களால் வளர்த்த திசு, மீர் விண்நிலையத்தில் நான்கு மாதங்கள் வைக்கப்பட்டது. 1997இல் வெளியான முடிவின்படி, அது உயிரோடிருந்தது. ஆயினும் புவியில் வளர்ந்த திசுவைவிடச் சிறியதாகவும் வலுக்குறைந்ததாகவும் இருந்தது. எடையின்மையைப் போலச்செய்யும் சுழல்கருவிகளில் வைக்கப்பட்ட மனித உயிரணுக்களிலோ உட்சட்டகம் மாறியது. தாங்குசட்டம் இன்றியே அவை முப்பரிமாணத் திரள்களாகவும் கூடின. முன்னது எச்சரிக்கை, பின்னது திசு வளர்ப்புக்கான வாய்ப்பு.

1963இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவியதும், 1990இல் உள்நாட்டுச் செயற்கை இதய வால்வை நோயாளிக்குப் பொருத்தியதும் இதே நகரம். அந்த வால்வை உருவாக்கிய ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் இஸ்ரோவும் 2025 ஏப்ரலில் விண்வெளி மருத்துவத்துக்கெனப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. அவ்வொப்பந்தம் வீரர்களின் உடல்நலக் கண்காணிப்போடு நின்றுவிடாமல் உயிரணு ஆய்வுவரை செல்ல வேண்டும்.

சுழல்கருவி எடையை நீக்குவதில்லை. ஈர்ப்பின் திசையை ஓயாது மாற்றுகிறது, அவ்வளவே. ஆகவே அதன் முடிவுகள் விண்ணில் சரிபார்க்கப்பட வேண்டியவை என்னும் மறுப்பு நியாயமானது. ஆனால் ககன்யானின் மனிதப் பயணம் மூன்று நாள் அளவினதாகவே திட்டமிடப்பட்டுள்ளது. மெல்ல மாறும் குருத்தெலும்பை அறிய அது போதாது. எந்த வினாவை விண்ணுக்கு அனுப்புவது என்பதைத் தரையிலேயே தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மூட்டுமாற்று அறுவையில் அகற்றப்படும் திசுவை, நோயாளியின் இசைவும் அறநெறிக் குழுவின் ஒப்புதலும் பெற்று, இதற்குப் பயன்படுத்தலாம்.

இப்பணி சில வீரர்களுக்கானது மட்டுமன்று. தண்டுவடக் காயத்தால் கால்கள் செயலிழந்தோரின் முழங்கால் குருத்தெலும்பு மெலிவது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. எடை தாங்காத மூட்டுகள் புவியிலும் உள்ளன. அவற்றை மனத்திற்கொண்டு வகுக்கப்படும் விண்வெளி மருத்துவமே பொதுநிதிக்குத் தக்க பயனாகும்.